மடிப்பாக்கம் அண்ணாச்சி கடை: மிக்ஜாம் வாரத்தை வைத்து ஐந்துக்கு நாலு

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடை ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அடுக்கியிருக்கும் இட்லி மாவு பாக்கெட்டுகள் நான் அரைத்துக் கொடுப்பவை. நான் புகழ்ந்தால் வியாபாரத்துக்காகப் புகழ்கிறேன் என்று தோன்றும். குறை சொன்னால் கமிஷன் தகராறு என்று தோன்றும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சாதாரண நாளில் ஒரு மளிகைக்கடையை மதிப்பிட என்ன இருக்கிறது? பருப்பு பருப்பாக இருக்கிறதா, எடை சரியா, சில்லறைக்குப் பதில் சாக்லேட்டைத் திணிக்கிறாரா, அவ்வளவுதான். நான் எழுதுவது 2023 டிசம்பர் முதல் வாரத்தை வைத்து. மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் நகர மனமில்லாமல் நின்றுகொண்டு கொட்டிய வாரம். அந்த வாரம் இந்தக் கடை எப்படி நடந்தது என்பதை வைத்துத்தான் மேலே போட்டிருக்கும் மார்க்.

கடைக்குப் போர்டு உண்டு. அதில் குளிர்பான கம்பெனிப் பெயர் பெரிதாகவும் கடைப் பெயர் மூலையில் சின்னதாகவும் இருக்கும், அதுவும் வெயிலில் வெளுத்துவிட்டது. யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அண்ணாச்சி கடை என்றுதான் சொல்வார்கள். மடிப்பாக்கத்தில் அந்தப் பெயரில் தெருவுக்கு ஒன்று இருக்கும் என்பது வேறு விஷயம். அண்ணாச்சிக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டம், ஏரல் பக்கம். கடையில் அவரும் ஒரு பையனும் ஒரு பூனையும். பூனை பச்சரிசி மூட்டை மேல் தூங்கும். அதற்கு அரை மார்க் குறைக்கலாமா என்று யோசித்தேன். எலி வராமல் இருப்பதற்காக விட்டுவிட்டேன்.

2015 வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். அதற்குப் பிறகு தரையை உயர்த்திக் கட்டினார், சுவரோடு சேர்த்துக் கடப்பாக் கல்லில் தட்டுகள் போட்டார். ஆனால் அதன் பின் சாலையைச் சுரண்டாமல் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலையும் உயர்ந்து கடைத் தரைக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஆகவே புயல் வருகிறது என்று சனிக்கிழமை செய்தி வந்ததுமே அண்ணாச்சி செய்த முதல் வேலை, கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றியது. அரிசி, பருப்பு, சர்க்கரை மேலே. சோப்பு, ஃபினாயில், பிளாஸ்டிக் குடம் கீழே. தண்ணீர் வந்தால் எது நனையலாம், எது நனையக் கூடாது என்கிற ஒரே கணக்கு. பார்க்க அலங்கோலமாக இருந்தது. உளுந்து கேட்டால் பையன் ஏணி போட்டு ஏறினான்.

ஞாயிறு இரவே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் டிசம்பர் 4, திங்கள். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் பொது விடுமுறை அறிவித்திருந்தார்கள். விடுமுறை என்றால் மாவு கூடுதலாகப் போகும் என்று நான் வழக்கத்தைவிட அதிகமாக ஊறப்போட்டு அரைத்து வைத்திருந்தேன். விடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. தெருவோர மின்பெட்டிகள் தண்ணீரில் நிற்கும்போது மின்சாரத்தை விட்டு வைத்தால் ஆளைக் கொன்றுவிடும், நிறுத்தியதில் தப்பே இல்லை. ஆனால் என் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த மாவுக்கு அது புரியுமா? அது பாட்டுக்குப் பொங்க ஆரம்பித்தது.

போன் போட்டேன், அப்போது இன்னும் டவர் இருந்தது. அண்ணாச்சி சொன்னது இதுதான்: "பாக்கெட் போடாதீங்கக்கா. அண்டாவோட கொண்டாங்க. வெடிச்சிரும்." சரிதான். ஃபிரிட்ஜ் இல்லாமல் பாக்கெட்டில் அடைத்த மாவு சில மணி நேரத்தில் உப்பி ஒட்டுப் பிரிந்துவிடும். இரண்டு அண்டாவை நானும் என் பையனும் முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு ஷட்டரை மட்டும் பாதி தூக்கி வைத்திருந்தார். வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுவர வேண்டும், கரண்டியால் அளந்து ஊற்றுவார். கரண்ட் இல்லை, ஆனால் சிலிண்டர் எல்லார் வீட்டிலும் இருந்தது. பால் இல்லை, பிரெட் வந்த வேகத்தில் தீர்ந்தது, ஹோட்டல் எதுவும் இல்லை. மாவு மட்டும் இருந்தது. மதியத்துக்குள் ஒரு அண்டா காலி.

செவ்வாய்க்கிழமை மிச்சமிருந்த மாவு நன்றாகவே புளித்துவிட்டது. இதை அவர் மறைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. "இட்லிக்கு ஆவாது, பணியாரத்துக்கு ஆவும்" என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தார், விலையையும் குறைத்தார். கூடவே யாரும் கேட்காமலேயே சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் எடுத்து வைத்தார், அதற்குக் காசு வாங்கினார். வியாபாரி வியாபாரிதான்.

இன்னொன்று. வழக்கமாக அவர் எனக்குக் காசு கொடுப்பது சனிக்கிழமை, அதுவும் எத்தனை பாக்கெட் திரும்பி வந்தது என்று ஒரு சின்னச் சண்டைக்குப் பிறகு. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவராகவே பத்து ரூபாய் நோட்டும் நாணயமுமாக எண்ணிக் கொடுத்தார். ஏ.டி.எம். எதுவும் வேலை செய்யவில்லை, கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் அதை வெளியே விடவில்லை. அந்த நேரத்தில் ரொக்கத்தைத் தானாக எடுத்துக் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயம்.

இப்போது மெழுகுவர்த்தி. இந்த மதிப்புரையே அதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

திங்கள் காலையில் கடை வாசலில் கூட்டம். எல்லாருக்கும் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவர்த்திச் சுருள். கொசுவுக்கு பிளக்கில் மாட்டும் திரவம் வைத்திருந்த வீடுகளெல்லாம் ஒரே நாளில் சுருளுக்குத் திரும்பின. ஒருவர் வந்து மெழுகுவர்த்தி மொத்தப் பெட்டியையும் கேட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் வாங்குகிறேன் என்றார், உண்மையாகவும் இருக்கலாம். அண்ணாச்சி தர மறுத்துவிட்டார். வீட்டுக்கு இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, இரண்டு சுருள். அடுக்குமாடிக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அந்த மழையில் மூன்று மாடி இறங்கி வரச் சொல்வது கொடுமைதான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் இரண்டு மெழுகுவர்த்தி கிடைத்தது. விலை அட்டையில் அச்சிட்ட விலை. ஒரு ரூபாய் கூட ஏற்றவில்லை, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மெழுகுவர்த்தி தீர்ந்த பிறகு அவர் எடுத்தது அகல் விளக்கு. கார்த்திகை தீபம் அந்த வருஷம் நவம்பர் 26. அதற்கு வாங்கியதில் விற்காமல் மிஞ்சியது ஒரு கூடை பரணில் கிடந்தது. அகல், பஞ்சுத் திரி, நூறு மில்லி விளக்கெண்ணெய் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். காற்றடிக்கும் ஜன்னலை மூடிவிட்டால் அகல் மெழுகுவர்த்தியைவிட நின்று எரிகிறது, எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரே குறை, கவிழ்ந்தால் ஆபத்து. குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தட்டில் மணல் போட்டு அதன் மேல் வைக்கச் சொன்னார்.

தீப்பெட்டி நமத்துப் போகாமல் இருந்ததற்குக் காரணத்தைப் பிறகு கேட்டேன். பாக்கெட் கட்டோடு புழுங்கலரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்திருந்தார். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். என் வீட்டு அடுப்பங்கரையில் வைத்திருந்த தீப்பெட்டி செவ்வாய்க்கிழமையே உரசினால் மருந்து உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. சிலிண்டர் இருந்து என்ன செய்ய, பற்றவைக்க வேண்டுமே.

பால் விஷயம் கொஞ்சம் சிக்கல். திங்கட்கிழமை பால் வண்டி வரவே இல்லை, எங்கேயும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வந்தது. ஆவின் நீல பாக்கெட், அரை லிட்டர் அப்போது 20 ரூபாய். நகரத்தில் பல இடங்களில் அதையே இரண்டு மடங்குக்கும் மேல் விற்றதாகக் கேள்விப்பட்டோம். இங்கே 20 ரூபாய்தான். ஆனால் யாருக்கு என்பதை அவரே முடிவு செய்தார். "வீட்ல பிள்ள இருக்கா? எத்தன வயசு?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வீடுகளுக்குக் கேள்வியே கிடையாது, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பையனிடம் கொடுத்தனுப்பினார்.

நான் என் மாமியாருக்குக் காபி போட ஒரு பாக்கெட் கேட்டேன். "அத்தைக்கு சுக்குக் காப்பி போட்டுக் குடுங்கக்கா. மழைக்கு அதான் நல்லது" என்று சொல்லி, சுக்கும் கருப்பட்டியும் எடுத்து வைத்துவிட்டார். எழுபத்தெட்டு வயதில் தினமும் ஃபில்டர் காபி குடித்துப் பழகியவரிடம் போய் நான் அதைச் சொல்ல வேண்டும். அன்று முழுக்க எனக்கு அவர் மேல் கோபம். மாமியார் என் மேல் கோபம். இப்போதும் எனக்கு அதில் முழுச் சமாதானம் இல்லை. வயதானவர்களையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இதே இடத்தில்தான் பெரிய குறையும் இருக்கிறது. அவருடைய நியாயமெல்லாம் அவருக்குத் தெரிந்தவர்களுக்குள்தான். பின்தெருவில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று உண்டு, பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்கள் எல்லாமே போனில் வரவழைப்பவர்கள், இந்தக் கடைக்கு ஷாம்பு பாக்கெட் வாங்கக்கூட வந்ததில்லை. அந்த வாரம் போனில் எதுவும் வரவில்லை. தொடைத் தண்ணீரில் பைக்கில் யார் வருவார்கள், வரச் சொல்வதும் பாவம். பிரதான சாலை சூப்பர் மார்க்கெட் ஷட்டர் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் திங்கட்கிழமை வந்து நின்றபோது "ஸ்டாக் இல்ல" என்றார். ஸ்டாக் இருந்தது, வாடிக்கை வீடுகளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். எனக்கு அது தெரியும், பக்கத்தில் நின்றேன். அவர்கள் போன பிறகு கேட்டேன். "நாளைக்கு நம்ம ஆளு வந்து இல்லன்னா யாருட்ட போவாங்க?" என்றார். அந்தப் பிள்ளைகள் யாரிடம் போவார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் பையனிடம் நூடுல்ஸ், பிஸ்கட், அகல் விளக்கு கொடுத்தனுப்பினார், காசு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆனால் திங்கள் இரவு அவர்கள் இருட்டில்தான் இருந்தார்கள். குறைத்த ஒரு ஸ்டாரில் பாதி இதற்கு.

கடன் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவர்களுக்கு டீசல் தீர்ந்ததாலோ என்னவோ திங்கள் மதியத்துக்கு மேல் நெட்வொர்க் சுத்தமாகப் போய்விட்டது. கியூ.ஆர். அட்டை சும்மா தொங்கியது, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி கல்லாவுக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். அதில் பெயரே கிடையாது. கதவு எண், மாடி, அவ்வளவுதான். "14 கீழ்", "14 மேல்", "நாய் வீடு", "டாக்டர் எதிர்". என் வீட்டுக்கு "மாவு". பேனா இல்லை, பென்சில். மழைச் சாரலில் பேனா மை கரைந்துவிடும், பென்சில் கரையாது என்றார். எழுதியதும் நம் பக்கம் திருப்பிக் காட்டுவார், நாம் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த ஆள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் போன் நம்பர் கேட்டார். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்த பீகார் பையன்களுக்கும் எழுதினார், அவர்கள் தினமும் ஆட்டாவும் உருளைக்கிழங்கும் இங்கேதான் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு நோட்டில் "ரொட்டி".

எலக்ட்ரானிக் தராசு செவ்வாய்க்கிழமை சார்ஜ் தீர்ந்து நின்றது. பரணிலிருந்து பழைய தட்டுத் தராசும் இரும்புப் படிக்கற்களும் இறங்கின. அந்தக் கற்களில் எடை சரிபார்த்த அரசு முத்திரை எந்த வருஷத்தது என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இதை எழுத முடியாது. ஆனால் தட்டு நம் பக்கம் தாழ்ந்த பிறகும் ஒரு பிடி போட்டார். கரண்ட் வந்து எலக்ட்ரானிக் தராசு திரும்பியதும் அந்த ஒரு பிடி நின்றுவிட்டது.

செய்தியும் இந்தக் கடையில்தான். அவரிடம் ஒரு பழைய பட்டன் போன், அதில் எஃப்.எம். இயர்போனை மாட்டி ஒரு காதில் வைத்துக்கொண்டு, கேட்டதை அப்படியே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், நடுநடுவே சீரகம் அம்பது கிராம். விமான நிலையத்தை மூடியது, வேளச்சேரியில் படகு விட்டது எல்லாம் எங்களுக்கு அவர் வாய்வழிச் செய்தி. செவ்வாய் பிற்பகல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் புயல் கரையைக் கடந்தது என்று அவர்தான் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், "அப்போ தண்ணி வடிஞ்சிடும்" என்றார். அண்ணாச்சி சிரித்தார்.

வடியவில்லை. புயல் போனதும் வானம் வெளுத்தது, தெருவில் தண்ணீர் அப்படியே. இங்கே இருக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரம், கடல். தென்சென்னையின் பாதித் தண்ணீருக்கு இந்த ஒரு வழிதான். கடல் கொந்தளித்து மட்டம் ஏறியிருந்தால் அங்கே தண்ணீரை வாங்காது, இங்கே எங்கள் வாசலில் நிற்கும். 2022-இல் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அந்தஸ்து கிடைத்தபோது பறவைகளுக்கு நல்லது என்று பேசிக்கொண்டோம். அந்தச் சதுப்பு நிலத்தில் எவ்வளவு மீதி இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் எங்கள் தெருவும் வடியும்.

புதன், வியாழன் இரண்டு நாளும் கடையில் கேட்ட பொருட்கள் மாறிவிட்டன. மெழுகுவர்த்தியை யாரும் அவசரமாகக் கேட்கவில்லை, பழகிவிட்டது. பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், விளக்குமாறு, பிளாஸ்டிக் கயிறு. துணி காயவில்லை, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு. அப்புறம் ஊறுகாய். காய்கறி இல்லாத வீட்டில் நாலாவது வேளை ரசம் சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் முடியாது.

இனி குறைகள்.

சானிட்டரி நாப்கின். பத்து விதமான சாம்பார் பொடி வைத்திருக்கும் கடையில் இது ஒரே கம்பெனி, ஒரே அளவு, செவ்வாய்க்கிழமை காலையோடு தீர்ந்தது. சாதாரண நாளில் நாலு எட்டு வைத்தால் மருந்துக்கடை. அந்த வாரம் மருந்துக்கடைக்குப் படகில்தான் போக முடியும். குழந்தை டயப்பரும் அப்படியே. இரண்டு மெழுகுவர்த்தி என்று கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இது தோன்றவில்லை, ஏனென்றால் யாரும் அவரிடம் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்டாலும் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, எதையோ கடத்துகிற மாதிரி கொடுப்பார். நான் நேராகவே சொன்னேன். முகம் சிவந்து, "எழுதிக் குடுங்கக்கா, வாங்கிப் போடுதேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பாக்கெட்டையும் சேர்த்து எழுதினேன்.

தண்ணீர் கேன். 40 ரூபாய் கேனை 60-க்கு விற்றார். கேன் போடும் பையன் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர அதிகம் கேட்டான் என்றார், இருக்கலாம். ஆனால் மெழுகுவர்த்தியில் ஒரு ரூபாய் ஏற்றாதவர் குடிதண்ணீரில் இருபது ரூபாய் ஏற்றினார் என்பது கணக்கு. மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி காலியாகி, மழைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றிக்கொண்டிருந்த வாரம் அது. குடிக்கிற தண்ணீருக்கு வேறு வழியே கிடையாது. குறைத்த ஸ்டாரில் மறுபாதி இதற்கு.

நனைந்த சரக்கு விஷயத்தில் பரவாயில்லை. கீழ்த்தட்டில் தண்ணீர் ஏறி சோப்புத்தூள் கட்டியானதைப் பாதி விலைக்குப் போட்டார், கட்டி என்று சொல்லியே. ஒரு மூட்டை கோதுமையில் அடிப்பக்கம் ஈரம் ஏறியிருந்தது, அதை மனிதருக்கு விற்கவில்லை, மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிட்டார். உப்பும் வெல்லமும் நீர்விட்டுக் கிடந்தன, அது எல்லார் வீட்டிலும்தான். அப்பளம் மட்டும் நமத்துப்போனதை மறைத்து விற்றார். எண்ணெயில் போட்டால் பொரியாமல் சுருண்டது. திருப்பிக் கொடுக்கப் போனேன், "வெயில்ல காய வைங்க" என்றார். எந்த வெயில்?

ஐஸ்கிரீமைத் திங்கள் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். எங்கள் தெருவில் இதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். எப்படியும் உருகி ஓடியிருக்கும். மார்க் போடவில்லை.

வியாழன் ராத்திரி எங்கள் பக்கம் கரண்ட் வந்தது. பள்ளிக்கூடம் 11-ஆம் தேதி திறந்தது. அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் 17-ஆம் தேதியிலிருந்து ரேஷன் கடையில் கொடுத்தார்கள். அந்தப் பணம் கையில் வந்ததும் பலர் நோட்டுக் கணக்கை முடித்தார்கள், அவர் யாரையும் அதற்கு முன் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அதே 17-ஆம் தேதி தெற்கே மழை ஆரம்பித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று செய்தி வந்தபோது எங்கள் மழையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. தாமிரபரணி பெருகி ஏரல் கடைத்தெருவே மூழ்கியது. அண்ணாச்சியின் அம்மாவுக்குப் போன் போகவில்லை. அவர் நாள் முழுக்க அந்தப் பட்டன் போனையே அமுக்கிக்கொண்டு நின்றார், கூட்டத்துக்குத் தப்புத் தப்பாகச் சில்லறை கொடுத்தார். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது, எப்படிப் போவது என்று கேட்டோம். பஸ் போகிற வரைக்கும் போய், மிச்சம் நடக்கிறேன் என்று கிளம்பினார். மெழுகுவர்த்தி ஒரு பெட்டியும், அரிசியில் புதைத்த தீப்பெட்டியும், பால் பவுடரும் ஒரு சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டார். அம்மா பக்கத்து மாடி வீட்டில் பத்திரமாக இருந்தார் என்று பிறகு தெரிந்தது. வீட்டுச் சாமான் எதுவும் மிஞ்சவில்லை.

அவர் இல்லாத நாட்களில் மச்சினர் கடையைப் பார்த்தார். நல்ல மனிதர், எடை கிராம் பிசகாது. ஆனால் கடன் கிடையாது, நோட்டைப் பூட்டி வைத்துவிட்டார். "14 மேல்" யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நாட்களுக்குத் தனியாக மார்க் போடச் சொன்னால் மூன்று போடுவேன்.

இப்போது அண்ணாச்சி திரும்பிவிட்டார். போகிறவர்களுக்குச் சில தகவல்: காலை ஐந்தரைக்குத் திறக்கிறார், மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், தட்டினால் பையன் எழுந்து வருவான். துவரம்பருப்பும் கருப்பட்டியும் நம்பி வாங்கலாம், கருப்பட்டி ஊரிலிருந்து வருவது. மஞ்சள்தூள் சில்லறையாக வாங்காதீர்கள், பாக்கெட்டாக வாங்குங்கள். மழைக்காலத்தில் அப்பளம் வேண்டாம். நாப்கின் இப்போது மூன்று கம்பெனி, கண்ணாடி அலமாரியில் வெளியே தெரிகிற மாதிரியே வைத்திருக்கிறார், செய்தித்தாள் சுற்றுவதை மட்டும் விடவில்லை. விடுதிப் பிள்ளைகளுக்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. தண்ணீர் கேன் 60-லிருந்து இறங்கியது, ஆனால் பழைய 40-க்கு வரவில்லை, 45-இல் நிற்கிறது. ஏன் என்று கேட்டால் டீசல் விலை என்கிறார். கேன் வருவது மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில்.